சுழலும் ஊர்களை வரைந்தவர்கள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகரில், 1975ஆம் ஆண்டு ஒரு சங்கம் தொடங்கினார்கள். கீத் ஹென்சன், கரோலின் ஹென்சன் என்ற தம்பதிதான் தொடங்கியவர்கள். 'எல்-5 சங்கம்' என்று பெயர். சங்கம் தொடங்குகிறவர்கள் அது நீடூழி வாழவேண்டும் என்றுதான் நினைப்பார்கள். இவர்களோ சங்கத்தைக் கலைப்பதே தங்கள் நோக்கம் என்று முதல் செய்திமடலிலேயே எழுதினார்கள். அந்தக் கலைப்புக் கூட்டம் விண்வெளியில், எல்-5 என்ற இடத்தில், உறுப்பினர்கள் எல்லோரும் நேரில் திரண்டு வந்து நடக்கவேண்டும் என்பதுதான் நிபந்தனை. 1995க்குள் அங்கே போய்ச் சேர்ந்துவிடுவோம் என்று ஒரு முழக்கமும் கையில் வைத்திருந்தார்கள்.

1995 வந்தது, போனது. அங்கே யாரும் போய்ச் சேரவில்லை. ஆனாலும் இவர்களைப் பகல்கனவுக்காரர்கள் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. கனவு கண்டவர்கள் கையில் கணக்குப் புத்தகமும் இருந்தது. விண்வெளியில் ஊர் கட்டுவதைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, அதற்காகச் சம்பளம் வாங்காதவர்கள் தாளில் போட்டுப் பார்த்து, அடித்து, திருத்தி எழுதிய கணக்குகளிலிருந்து வந்ததுதான்.

முதலில் அந்த எல்-5. பூமியும் நிலாவும் சேர்ந்து இழுக்கும் இழுப்பில், ஒரு பொருள் பெரிதாக அலைந்து திரியாமல் தங்கக்கூடிய இடங்கள் சில உண்டு என்பதைக் கணிதர் லக்ராஞ்ச் 1772இல் காட்டினார். அவற்றில் இரண்டு, பூமியோடும் நிலாவோடும் சமபக்க முக்கோணம் அமைக்கும் இடங்கள். நிலாவின் பாதையில் அதற்கு 60 பாகை முன்னே இருப்பது எல்-4. 60 பாகை பின்னே தொடர்ந்து வருவது எல்-5. அங்கே கொண்டுபோய் நிறுத்திய பொருள் அந்த வட்டாரத்திலேயே கிடக்கும். நிலாவிலிருந்து மண்ணும் உலோகமும் கொண்டுவந்து சேர்க்கவும் அது வசதி.

அந்த இடத்தைக் குடியிருப்புக்கு உரிய மனையாகப் பிரபலமாக்கியவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஜெரார்டு ஓ'நீல். அவர் ராக்கெட் ஆள் அல்ல, துகள் இயற்பியலாளர். 1969இல் முதலாண்டு மாணவர்களுக்கு இயற்பியல் நடத்தும்போது, வகுப்பில் ஆர்வமுள்ள சிலரிடம் ஒரு கேள்வியைப் போட்டார்: பெருகிக்கொண்டே போகும் தொழில்நுட்பச் சமூகம் குடியிருக்க ஒரு கோளின் மேற்பரப்புதான் ஏற்ற இடமா? மாணவர்கள் கணக்குப் போட்டார்கள். இல்லை என்று விடை வந்தது. கோளின் மேல் நின்றால் இரவு உண்டு, ஈர்ப்பிலிருந்து வெளியேற ஏராளமான எரிபொருள் வேண்டும், இடமும் வரம்புக்கு உட்பட்டது. விண்வெளியில் 24 மணி நேரமும் வெயில். ஓ'நீல் இதைக் கட்டுரையாக்கி இதழ் இதழாக அனுப்பினார். பல இடங்களில் திரும்பி வந்தது. கடைசியில் 1974 செப்டம்பரில் 'பிசிக்ஸ் டுடே' வெளியிட்டது. அதன் சூட்டில் பிறந்ததுதான் டூசான் சங்கம். கீத் ஒரு மின்பொறியாளர். அவரும் கரோலினும் விண்வெளி ஊரில் வேளாண்மை எப்படி இருக்கவேண்டும் என்று ஆய்வுரை எழுதி, 1975இல் பிரின்ஸ்டன் மாநாட்டுக்குக் கொண்டுபோனவர்கள்.

சொல்லப்போனால் இந்தத் துறையே ஆரம்பம் முதல் அமெச்சூர்களின் துறை. சிறு வயதில் வந்த காய்ச்சலில் கேட்கும் திறனை இழந்த ரஷ்யப் பள்ளி ஆசிரியர் த்சியோல்கோவ்ஸ்கி, கலூகா என்ற சிறு நகரில் இருந்துகொண்டு சுழலும் வீடுகளையும் விண்வெளித் தோட்டங்களையும் பற்றி எழுதினார். காசநோயால் ஆஸ்திரிய ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற பொறியாளர் ஹெர்மன் பொட்டோச்னிக், சக்கர வடிவ வீட்டின் முழு வரைபடத்தையும் ஒரு புத்தகத்தில் கொடுத்துவிட்டு 1929இல் இறந்துபோனார். அதே ஆண்டு, படிகங்களை ஆராய்ந்துகொண்டிருந்த ஜே.டி. பெர்னல், 16 கிலோமீட்டர் விட்டமுள்ள ஒரு கோளத்துக்குள் மக்களைக் குடியமர்த்தினார், ஒரு சிறு நூலில்.

எல்லா வடிவங்களுக்கும் பொதுவான சங்கதி சுழற்சி. திருவிழாவில் மரணக் கிணறு பார்த்திருப்போம். செங்குத்தான பலகைச் சுவரில் மோட்டார் சைக்கிள் கீழே விழாமல் வட்டமடிக்கும். ஓட்டுபவரைச் சுவர் உள்நோக்கித் தள்ளிக்கொண்டே இருப்பதால், அவருக்குச் சுவர்தான் தரை. விண்வெளி ஊரில் ஓட்டுபவர் சும்மா நிற்கிறார், கிணறே சுற்றுகிறது. உருளையின் உட்சுவர் தரையாகிறது. அண்ணாந்து பார்த்தால் எதிர்வீட்டுக் கூரை தலைக்கு மேலே தொங்கும்.

எவ்வளவு வேகத்தில் சுற்றவேண்டும் என்பதற்குப் பிளஸ் டூ இயற்பியல் போதும். சுழலும் வேகத்தின் இருமடியை ஆரத்தால் பெருக்கினால் தரை தரும் ஈர்ப்பு. நிமிடத்துக்கு ஒரு சுற்று என்றால், பூமியின் ஈர்ப்பைப் பெற ஆரம் 895 மீட்டர் இருக்கவேண்டும். நிமிடத்துக்கு இரண்டு சுற்றானால் 224 மீட்டர். நான்கானால் 56 மீட்டரே போதும். வேகத்தை இரட்டித்தால் ஊரின் ஆரம் நான்கில் ஒன்றாகச் சுருங்குகிறது. செலவு குறைய வேண்டுமென்றால் வேகமாகச் சுற்ற வேண்டும். அங்கேதான் மனிதனின் உட்காது வந்து குறுக்கே நிற்கிறது.

சுழலும் தரையில் நடப்பது பூமியில் நடப்பது போல இருக்காது. 224 மீட்டர் ஆரமுள்ள ஊரின் தரை மணிக்கு 169 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் அங்கே காலை ஓட்டம் போகிறார், மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில். ஊர் சுற்றும் திசையிலேயே ஓடினால் 74 கிலோ ஆள் போலக் கால் கனக்கும். எதிர்த்திசையில் ஓடினால் 48 கிலோவாக லேசாகும். மேலே எறிந்த பந்து எறிந்த கைக்குத் திரும்பாமல் சற்றுத் தள்ளி விழும். தலையைச் சட்டென்று திருப்பினால் உட்காதுத் திரவம் தப்பான சேதி சொல்லும், குமட்டும். 1958 முதல் ஃபுளோரிடாவின் பென்சகோலா கடற்படை ஆய்வகத்தில் ஆஷ்டன் கிரேபியல் ஒரு அறையையே சுழலவிட்டு, அதற்குள் ஆட்களை நாள் கணக்கில் தங்கவைத்துப் பார்த்தார். நிமிடத்துக்கு மூன்று சுற்றுவரை பெரிய தொந்தரவில்லை. பத்தில் வயிற்றைப் புரட்டியது. ஆனால் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டியபோது உடம்பு பழகிக்கொண்டது.

இதெல்லாம் தரையில் செய்த சோதனை. விண்வெளியில் மனிதர்களை வைத்துச் சுழற்றிய அனுபவம் மிகச் சொற்பம். 1966 செப்டம்பரில் ஜெமினி 11 கலத்தை 30 மீட்டர் கயிற்றால் இன்னொரு கலத்தோடு கட்டி மெல்லச் சுழற்றினார்கள். கிடைத்த ஈர்ப்பு பூமியுடையதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. 1973இல் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தின் வீரர்கள், அதன் பெரிய தொட்டியின் உட்சுவர் வளையத்தில் தாங்களே ஓடி விளையாட்டாகக் கொஞ்சம் எடையை உண்டாக்கிக்கொண்டார்கள். ஊர் கட்டுவதற்கு நம்மிடம் உள்ள அனுபவ அறிவு இவ்வளவுதான்.

1975 கோடையில், கலிஃபோர்னியாவில் உள்ள நாசாவின் எய்ம்ஸ் ஆய்வகமும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் சேர்ந்து, பேராசிரியர்களையும் மாணவர்களையும் பத்து வாரம் ஒன்றாக உட்காரவைத்தன. ஓ'நீலும் அதில் உண்டு. அங்கே பிறந்தது 'ஸ்டான்ஃபோர்டு வளையம்'. உட்புறம் குழாயாக அமைந்த ஒரு மாபெரும் சக்கரம், விட்டம் ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர், நிமிடத்துக்கு ஒரு சுற்று, குடிமக்கள் 10,000 பேர். டான் டேவிஸும் ரிக் கைடிஸும் அதற்கு வரைந்த ஓவியங்கள் உலகப் புகழ் பெற்றவை. ஓடையும் மரமும் வெயிலும் வளைந்து மேலேறிப் போகும் அந்தப் படங்களைப் பார்த்தவர்களுக்கு, அறிக்கையின் அட்டவணைகளைப் புரட்டத் தோன்றியிருக்காது. எனக்கு அட்டவணைகள்தான் பிடிக்கும். 62,000 கோழி, 28,000 முயல், 1,500 மாடு என்று ஆளுக்கு இவ்வளவு வீதம் கணக்கு எழுதியிருக்கிறார்கள்.

வளையத்தின் பலவீனமும் அந்த எண்களிலேயே இருந்தது. விண்வெளியின் கதிர்வீச்சைத் தடுக்க, ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் நாலரை டன் மண் கவசம் வேண்டும் என்று கண்டார்கள். மொத்தம் ஒரு கோடி டன் நிலா மண். அவ்வளவு எடையையும் சக்கரத்தோடு சேர்த்துச் சுழற்றினால் சக்கரம் தாங்காது. ஆகவே கவசத்தைத் தனி ஓடாகச் சுழலாமல் நிறுத்தி, அதற்குள் சக்கரத்தைச் சுழலவிட்டார்கள். 895 மீட்டர் ஆரத்தில் நிமிடத்துக்கு ஒரு சுற்று என்றால் விளிம்பு மணிக்கு சுமார் 340 கிலோமீட்டர் வேகத்தில் போகும். பத்தாயிரம் பேர் வாழும் ஊர், அசையாத மண்சுவரை ஒட்டினாற்போல அந்த வேகத்தில், வருடக்கணக்கில், ஒரு தடவைகூட உரசாமல் ஓடவேண்டும்.

அந்த வடிவத்தை அக்கறையோடு பிரித்துப் போட்டவர்களில் முக்கியமானவர் அல் குளோபஸ். எய்ம்ஸ் ஆய்வகத்தில் ஒப்பந்த அடிப்படையில் கணினி வேலை பார்த்தவர். பள்ளி மாணவர்களுக்கான விண்வெளிக் குடியிருப்பு வடிவமைப்புப் போட்டியை 1990களில் தொடங்கி வளர்த்தவரும் அவரே. இன்று அது ஓ'நீலின் பெயரைத் தாங்கி நடக்கிறது. இந்தியப் பள்ளிகளிலிருந்தும் படைப்புகள் குவிகின்றன. 2000களின் நடுவில் குளோபஸ், நிதின் அரோரா, அங்கூர் பஜோரியா, ஜோ ஸ்ட்ரவுட் ஆகிய நால்வரும் சேர்ந்து ஒரு புது வடிவத்தை வெளியிட்டார்கள். 2003இல் கொலம்பியா விண்கல விபத்தில் இறந்த கல்பனா சாவ்லாவின் நினைவாக அதற்கு 'கல்பனா ஒன்று' என்று பெயர். 250 மீட்டர் ஆரம், 325 மீட்டர் நீளம், 3,000 பேர்.

பார்க்க ஒரு குட்டையான டப்பா. ஓவியர்களுக்கு உற்சாகம் தராத வடிவம். ஏன் குட்டை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஓ'நீல் கற்பனை செய்த மாபெரும் உருளைகள் 6.4 கிலோமீட்டர் விட்டமும் 32 கிலோமீட்டர் நீளமும் கொண்டவை. ஒன்றுக்கொன்று எதிராகச் சுழலும் ஜோடி. ஆனால் நீளமான பொருள் தன் நெடுக்கு அச்சில் நிலையாகச் சுழன்றுகொண்டிருக்காது. உள்ளே எதுவும் ஆடாமல் அசையாமல் இருந்தால் சரி. தண்ணீர் தளும்பினால், மாடு நடந்தால், மனிதர் நடமாடினால் சுழற்சி ஆற்றல் கொஞ்சம் கொஞ்சமாக வெப்பமாகக் கழியும். அப்போது பொருள் மெல்ல மெல்லத் தள்ளாடி, கடைசியில் தலைகுப்புற உருளும் சுழற்சிக்கு மாறிவிடும். அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோளான எக்ஸ்ப்ளோரர் 1க்கு 1958இல் இதுதான் நேர்ந்தது. பென்சில் மாதிரி ஒல்லியான அது நெடுக்கு அச்சில் சுழல்வதாகத் திட்டம். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்த வளையும் ஆன்டெனாக்கள் ஆடி ஆடி ஆற்றலைத் தின்றதில், சில மணி நேரத்துக்குள் விசிறி போலச் சுற்றத் தொடங்கிவிட்டது. அதில் ஆட்கள் இல்லை, பரவாயில்லை. ஊர் அப்படிப் புரண்டால் என்னாகும்? தானாகவே நிலையாக நிற்க வேண்டுமானால், மூடிய உருளையின் நீளம் ஆரத்தைப்போல் 1.3 மடங்குக்கு மேல் போகக்கூடாது என்று இவர்கள் கணக்கிட்டார்கள். 250ஐ 1.3ஆல் பெருக்கினால் 325. டப்பாவின் நீளம் வந்த வழி அதுதான். கவசத்தையும் தனி ஓடாக நிறுத்தாமல் சுழலும் சுவரோடே சேர்த்துவிட்டார்கள். ஊர் சிறியதானதால் அது தாங்கும்.

குளோபஸ் பிறகு இன்னும் கீழே இறங்கினார். எல்-5 எதற்கு? நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, 500 கிலோமீட்டர் உயரத்துக்குள்ளேயே சுற்றினால், பூமியின் காந்தப்புலமே கதிர்வீச்சில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும், கோடி டன் மண் வேண்டாம் என்று 2017இல் வாதாடினார். கூடவே, செயற்கை ஈர்ப்பைப் பற்றி வெகுகாலம் ஆராய்ந்த கட்டடக்கலைஞர் தியோடர் ஹாலோடு சேர்ந்து பழைய சுழற்சிச் சோதனைகளையெல்லாம் புரட்டி, நிமிடத்துக்கு நான்கு சுற்றை மக்கள் பழகிக்கொள்வார்கள் என்ற முடிவுக்கு வந்தார். மேலே சொன்ன 56 மீட்டர் ஆரம் அதிலிருந்து வருகிறது. 16 கிலோமீட்டர் கோளத்தில் தொடங்கிய கனவு, ஒரு பெரிய திருமண மண்டபத்தோடு ஒப்பிடக்கூடிய அளவுக்குச் சுருங்கிவிட்டது. எனக்கு இது தோல்வியாகத் தெரியவில்லை. கட்டக்கூடிய ஒன்றை நோக்கி நகர்ந்தால் வரைபடம் சிறுக்கத்தான் செய்யும்.

பணத்தின் கதை சின்னது. 1973 எண்ணெய் நெருக்கடி அப்போது எல்லோர் மனத்திலும் இருந்தது. விண்வெளி ஊர்க்காரர்கள் சூரிய மின்நிலையங்களைக் கட்டி, நுண்ணலையாகப் பூமிக்கு மின்சாரம் விற்றுக் கடனை அடைப்பார்கள் என்பது திட்டம். விண்வெளி ஓடம் மலிவாக அடிக்கடி பறக்கும் என்று நம்பினார்கள். அது அதிகம் பறந்த 1985இல்கூட ஒன்பது தடவைதான் பறந்தது. 1977இல் செனட்டர் வில்லியம் ப்ராக்ஸ்மயர் தொலைக்காட்சியில் இந்த யோசனையைப் பார்த்துவிட்டு, இதற்குக் காலணா கிடையாது என்று கையை விரித்தார். எண்ணெய் விலையும் பின்னர் இறங்கியது. ஓ'நீல் அரசை நம்பாமல் 1977இலேயே தனி ஆய்வு நிறுவனம் தொடங்கி, ஆர்வலர்களின் சந்தாவில் நடத்தினார். நிலா மண்ணை மின்காந்தத்தால் உந்தி எறியும் கருவியின் முதல் மாதிரியை எம்.ஐ.டி.யில் ஹென்றி கோல்மும் அவரும் மாணவர்களை வைத்துச் செய்தார்கள். அது பூமியின் ஈர்ப்பைப்போல் 33 மடங்கு முடுக்கத்தைக் காட்டியது. அந்த முடுக்கத்தில் நிலாவைவிட்டு ஒரு பொருளை எறிய 9 கிலோமீட்டர் நீளத் தண்டவாளம் தேவை. பின்னால் வந்த மாதிரி 1,800 மடங்கைத் தொட்டது. தண்டவாளம் 160 மீட்டருக்குச் சுருங்கியது.

எதிர்ப்பும் வராமல் இல்லை. ஸ்டூவர்ட் பிராண்ட் தன் இதழில் ஓ'நீலுக்கு இடம் கொடுத்ததும், அவருடைய வாசகர்களும் நண்பர்களுமே கொதித்தார்கள். விவசாயியும் எழுத்தாளருமான வெண்டல் பெரி, பூமியைப் பாழாக்கிய அதே மனப்பான்மை இப்போது மேலே கிளம்புகிறது என்று சாடினார். எல்-5 சங்கம் அரசியலிலும் இறங்கியது. நிலாவின் வளங்கள் மனிதகுலம் முழுவதுக்கும் பொதுச் சொத்து என்று சொல்லும் ஒப்பந்தத்தை ஐ.நா. 1979 டிசம்பரில் ஏற்றது. இது குடியேற்றத்துக்குப் பூட்டுப் போட்டுவிடும் என்று சங்கத்தார் வாஷிங்டனில் ஆள் வைத்து வாதாடினார்கள். அமெரிக்க செனட் அதை ஏற்கவே இல்லை. இந்தியா 1982இல் கையெழுத்திட்டது, இன்றுவரை உறுதி செய்யவில்லை. கோழி முயல் கணக்குப் போட்ட ஒரு சிறு கூட்டம் சர்வதேசச் சட்டத்தில் கைவைத்தது வியப்புதான், நல்லதா என்பது வேறு கேள்வி. 1987இல் சங்கம் இன்னொரு அமைப்போடு இணைந்து தேசிய விண்வெளிச் சங்கமாயிற்று. மாணவர் போட்டியை இன்று நடத்துவது அதுவே.

ஆனால் உலோகத்துக்கும் சுழற்சிக்கும் போட்ட கணக்கு, மண்ணிடம் செல்லுபடியாகவில்லை. டூசானிலிருந்து ஐம்பது கிலோமீட்டரில், ஆரக்கிள் என்ற ஊருக்கு அருகே, 'பயோஸ்பியர் 2' என்ற, வெளிக்காற்று புகாத மாபெரும் கண்ணாடிக் கூடத்தைக் கட்டினார்கள். மூன்று ஏக்கருக்குச் சற்று அதிகம். வயல், சிறு மழைக்காடு, குட்டிக் கடல் எல்லாம் உள்ளே. 1991 செப்டம்பர் 26 அன்று எட்டுப் பேர் உள்ளே போய் இரண்டு வருடம் கதவைச் சாத்திக்கொண்டார்கள். காற்றில் 20.9 சதவீதம் இருந்த ஆக்சிஜன் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கத் தொடங்கியது. பதினாறு மாதத்தில் 14.5க்கு வந்துவிட்டது. நாலாயிரம் மீட்டர் மலைமேல் இருப்பது போன்ற மூச்சுத் திணறல், தூக்கமின்மை. 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஆக்சிஜனை உள்ளே விட வேண்டியதாயிற்று.

ஆக்சிஜன் எங்கே போனது என்பது வெகுகாலம் பிடிபடவில்லை. நல்ல விளைச்சல் வேண்டும் என்று மண்ணில் தாராளமாகத் தொழுவுரம் சேர்த்திருந்தார்கள். நுண்ணுயிர்கள் அதைத் தின்று ஆக்சிஜனை உறிஞ்சிக் கரியமில வாயுவை வெளியிட்டன. அப்படியென்றால் அந்தக் கரியமில வாயு பெருகியிருக்கவேண்டும், அதைச் செடிகள் எடுத்து ஆக்சிஜனைத் திருப்பித் தந்திருக்கவேண்டும். அவ்வளவு பெருகவும் இல்லை. கடைசியில் குற்றவாளி சிக்கியது: கட்டடத்தின் கான்கிரீட். பூச்சில்லாத புதுக் கான்கிரீட்டில் இருந்த கால்சியம் ஹைட்ராக்சைடு, வாயுவைப் பிடித்துச் சுண்ணாம்புக் கல்லாக்கி வைத்துக்கொண்டது. ஆக்சிஜன் சுவருக்குள் பூட்டப்பட்டுவிட்டது. எத்தனையோ நிபுணர்கள் பார்த்துப் பார்த்துக் கட்டிய கூடம் அது. சுவரும் மூச்சுவிடும் என்று யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. மகரந்தம் சேர்க்கும் பூச்சிகள் மடிந்தன. எறும்பும் கரப்பானும் கொழித்தன.

சுழற்சிக்கு ஒரே ஒரு சூத்திரம், எந்த மாணவரும் அரைமணியில் சரிபார்த்துவிடலாம். உரக்குழிக்கு அப்படி ஒன்று கிடையாது. சர்வதேச விண்வெளி நிலையத்தில் வியர்வை, மூச்சு ஈரம், சிறுநீர் எல்லாவற்றையும் வடித்து 98 சதவீதம் தண்ணீரை மீட்கும் நிலைக்கு 2023இல் வந்துவிட்டார்கள். அங்கே சாப்பாடு மட்டும் இன்னமும் பூமியிலிருந்துதான் போகிறது. சாப்பாட்டுப் பக்கம் உழைத்தவர்கள் வேறு சிலர். சைபீரியாவின் கிராஸ்நயார்ஸ்க் நகரில் 1972 முதல் 'பயோஸ் 3' என்ற அடைத்த அறைகளில் மூன்று பேர்வரை மாதக்கணக்கில் கோதுமை வளர்த்துத் தங்கினார்கள், இறைச்சி வெளியிலிருந்து போனது. பெய்ஜிங்கின் பெய்ஹாங் பல்கலைக்கழகத்தில் 2017 மே முதல் 2018 மேவரை, மாணவர்கள் நால்வர் நால்வராக இரண்டு குழுக்கள் மாறி மாறி 370 நாள் மூடிய கூடத்துக்குள் இருந்தன. செடியில் மனிதர் தின்னாத பகுதிகளை மாவுப்புழுக்களுக்குப் போட்டு, அந்தப் புழுக்களைத் தின்று புரதத்தைத் தேடிக்கொண்டார்கள். நாலு பேருக்கு அது ஓரளவு நின்றது. நாலிலிருந்து நாற்பதுக்கும், அங்கிருந்து கல்பனாவின் மூவாயிரத்துக்கும் போக, இடைப்பட்ட ஒவ்வொரு படியிலும் கதவைச் சாத்திக்கொண்டு வருடக்கணக்கில் உள்ளே இருந்து பார்ப்பதைத் தவிர வேறு வழி இருப்பதாகத் தெரியவில்லை. அதற்கு ராக்கெட்டும் வேண்டாம். கசியாத கூடமும், உள்ளே போகத் துணிந்த ஆட்களும், ஒவ்வொரு மாதமும் சுவரையும் சேர்த்துக் கணக்கெடுக்கும் ஒருவரும் வேண்டும்.